தேதி தள்ளிப்போன ஊசி

1. ட்ரேயில் திரும்ப வைத்தேன்

மருந்து அடைத்த ஊசிப் பேனாவை ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து அரைமணி நேரம் ஆகியிருந்தது. குளிர் விட்டுவிட்டதா என்று உள்ளங்கையில் வைத்துப் பார்த்தேன். பூங்கொடி பெட்டில் உட்கார்ந்து, போன மாதம் வலது தொடை, இந்த மாதம் இடது என்று அவளே இடத்தைக் காட்டினாள். நான் மூடியைக் கழற்றப்போகும்போது இருமினாள். ஒரே ஒரு இருமல்தான். ஆனால் இருமும்போது அவள் கை தானாக வலது விலாவை அழுத்திப் பிடித்தது.

அந்தக் கையைப் பார்த்துத்தான் நிறுத்தினேன்.

"சளி இருக்கா பூங்கொடி?"

"இல்லீங்க சிஸ்டர். தொண்டைல என்னமோ தூசு."

"காய்ச்சல்?"

"இல்லீங்க. நீங்களே பாத்தீங்கல்ல?"

பார்த்திருந்தேன். தெர்மாமீட்டரில் நார்மல். கேஸ் ஷீட்டில் 'காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை' என்று டிக் அடித்து வைத்திருந்ததும் நான்தான். ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பேனாவை ட்ரேயில் திரும்ப வைத்துவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு எதிரில் உட்கார்ந்தேன்.

"காலைல என்ன மாத்திரை போட்ட சாமி?"

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

2. பூங்கொடி யார்

சேலத்தில் ஒரு தோல் டாக்டரிடம் ஒன்பது வருஷம் ஊசி ரூமைப் பார்த்துக்கொண்டேன். அதற்கு முன் ஜெனரல் வார்டு. இப்போது ரிட்டையர் ஆகிவிட்டேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் நர்ஸ் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

பூங்கொடி எருமப்பட்டிப் பக்கம். விவசாயக் குடும்பம், அவளுக்குத் தையல் கடை. முதல் தடவை வரும்போது முப்பது வயசு. சொரியாசிஸ் முழங்கை, முதுகு, தலை, விரல் என்று பரவியிருந்தது. துணியை மடிக்கும்போது அதன்மேல் செதில் உதிரும். ஒரு அம்மா தைக்கக் கொடுத்த பட்டுத் துணியைத் திருப்பி வாங்கிக்கொண்டு போன கதையைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஊருக்கெல்லாம் குட்டைக்கை ஜாக்கெட் தைப்பவள் தனக்கு மட்டும் மணிக்கட்டு வரை கை வைத்துத் தைத்துக்கொள்வாள், மே மாதத்திலும்.

களிம்பு, மாத்திரை, நாட்டு எண்ணெய் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில்தான் டாக்டர் இந்த ஆன்டிபாடி ஊசியை யோசித்தார். சொரியாசிஸில் உடம்பின் காவல் சக்தியே தவறாகத் தோல்மேல் பாய்கிறது. அதைத் தூண்டுகிற ஒரு பொருளைப் பிடித்து நிறுத்துவதுதான் இந்த மருந்தின் வேலை. அதனாலேயே கிருமி வந்தால் எதிர்த்து நிற்கிற பலமும் கொஞ்சம் குறையலாம். ஆரம்பிக்கும் முன் மார்பு எக்ஸ்ரே, டிபிக்கு ஒரு ரத்த டெஸ்ட், மஞ்சள் காமாலைக் கிருமிக்கு ஒரு டெஸ்ட், எல்லாம் பார்த்தோம். பாக்கியிருந்த தடுப்பூசிகளையும் முன்னாலேயே போட்டுவிட்டோம்.

முதல் ஐந்து வாரம் வாராவாரம், பிறகு மாதம் ஒன்று. மூன்றாவது மாதம் அவள் வந்தபோது எனக்கு ஒரு நொடி அடையாளமே தெரியவில்லை. முழங்கை வரை கை வைத்த ஜாக்கெட் போட்டிருந்தாள். "பாருங்க சிஸ்டர்" என்று இரண்டு கையையும் நீட்டினாள். சின்னப் பிள்ளை பரீட்சைத் தாளை நீட்டுவது போல இருந்தது. அந்தக் கையைத் தடவிக் கொடுத்துவிட்டு, பாத்ரூமுக்குள் போய் முகம் கழுவிக்கொண்டேன்.

3. என் வாயால் சொன்னது

அவள் அழுது முடிக்கிறவரை காத்திருந்தேன். நாலு நாளாகக் காய்ச்சல். காலையில் பாராசிட்டமால் இரண்டு போட்டுக்கொண்டு பஸ் ஏறியிருக்கிறாள். தெர்மாமீட்டர் எப்படிக் காட்டும்?

"ஏன் சாமி மறைச்ச?"

"இன்னும் மூணு வாரத்துல அண்ணன் கல்யாணமுங்க. இணைச்சீர் நாந்தானுங்க செய்யோணும்."

மாப்பிள்ளையின் கூடப்பிறந்தவள் அவரோடு ஒரே சேலையில் இணைந்து மணவறையில் நிற்கிற சீர் அது. எல்லோர் கண்ணும் அங்கேதான் இருக்கும். அவளுக்கு ஒரே அண்ணன், அவருக்கு ஒரே தங்கை.

"ஊசி தள்ளிப்போனா மறுபடியும் வந்துருமுங்க. நீங்கதானே சொன்னீங்க, என்ன ஆனாலும் தேதி மட்டும் தப்பக்கூடாதுன்னு!"

சொன்னேன். முதல் நாளே சொன்னேன். அதட்டிச் சொன்னேன், விரலை நீட்டிச் சொன்னேன். அதற்கு முன் இரண்டு மூன்று பேர் தோல் சரியானதும் வராமல் விட்டு அவஸ்தைப்பட்டதால், புதிதாக வருகிற எல்லோரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தேன். காய்ச்சல், இருமல், சீழ்க்கட்டி வந்தால் சொல்ல வேண்டும் என்பது நாங்கள் கொடுக்கும் தாளில் எட்டாவது வரியில் இருந்தது. அதை வாசித்துக் காட்டியது ஞாபகம் இருக்கிறது. ஆனால் தேதியைத்தான் அழுத்திச் சொன்னேன். அவள் மனசில் நின்றதும் அதுதான்.

டாக்டரைக் கூப்பிட்டேன். ஸ்டெதஸ்கோப் வைத்ததுமே அவர் முகம் மாறியது. எக்ஸ்ரேயில் வலது பக்கம் அடியில் நிமோனியா.

"இந்த நெலமைல இன்னிக்கு ஊசி வேணாம்மா. முதல்ல இது சரியாகட்டும். தோலை அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

வெளியே காத்திருந்த அவள் அண்ணன் செந்திலை உள்ளே கூப்பிட்டோம். ரிக் வண்டியில் ஊர் ஊராக ஆழ்துளைக் கிணறு போடப் போகிறவர். கல்யாணத்துக்காக லீவில் வந்திருந்தார்.

"ஏனுங்க சிஸ்டர், பயப்படற மாதிரி ஏதாச்சுங்களா?"

"இப்பவே கண்டுபிடிச்சாச்சுங்க. அட்மிட் பண்ணிருங்க."

அவர் தங்கையைத் திட்டவில்லை. அவள் செருப்பை எடுத்துக் காலடியில் போட்டுவிட்டு, "வா, போலாம்" என்றார், அவ்வளவுதான்.

4. ஏழு நாள்

பெரிய ஆஸ்பத்திரியில் ஏழு நாள் இருந்தாள். இந்த ஊசி போட்டுக்கொண்டிருக்கிறாள் என்பதை அங்கிருந்த டாக்டருக்கு நாங்களே எழுதிக் கொடுத்தோம். சளியை டிபி டெஸ்டுக்கும் அனுப்பினார்கள், டிபி இல்லை என்று வந்தது. முதல் மூன்று நாள் ஆக்ஸிஜன் வைத்திருந்தார்கள். அன்றைக்கு அந்தக் கையைக் கவனிக்காமல் ஊசியைப் போட்டு வீட்டுக்கு அனுப்பியிருந்தால் என்று நினைக்கவே முடியவில்லை. டியூட்டி முடிந்து தினமும் போய்ப் பார்த்தேன். சர்ச்சில் அவளுக்காக மெழுகுவர்த்தியும் ஏற்றினேன். அவளிடம் சொன்னபோது, "எங்க அம்மா கோயில்ல வெளக்குப் போட்டிருக்குதுங்க சிஸ்டர், ரெண்டுஞ் சேந்து காப்பாத்திரும்" என்றாள்.

நாலாம் நாள் நான் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நான் உனக்குப் பாதிதான் சொல்லிக் குடுத்தேன் பூங்கொடி."

"நீங்க நல்லதுக்குத்தானே சொன்னீங்க."

"நல்லதுக்குச் சொன்னாலும் பாதி பாதிதான்."

அவள் ட்ரிப்ஸ் போட்ட கையால் என் விரலைப் பிடித்துக்கொண்டாள்.

5. மண்டபத்தில்

நிமோனியா சரியானது. ஆனால் ஊசி தள்ளிப்போனதால் முழங்கைக்குக் கீழே நாணயம் அளவில் மூன்று நான்கு திட்டுகள் திரும்பிவிட்டன. கல்யாணத்துக்கு முன்னால் மறுபடி ஆரம்பிக்கலாமா என்று கேட்டாள். ஆன்டிபயாடிக் இப்போதுதான் முடிந்திருக்கிறது, இன்னொரு எக்ஸ்ரே பார்க்காமல் கிடையாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். திட்டுக்குக் களிம்பு மட்டும் கொடுத்தார்.

கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். போனேன். மணமகள் அறைக்குப் பக்கத்தில் ஒரு மூலையில் பூங்கொடி முந்தானையை இழுத்து இழுத்துக் கையை மூடிக்கொண்டிருந்தாள். முழுக்கை ஜாக்கெட்டைத் தைத்துப் பையில் கொண்டுவந்திருந்தாள். ஆனால் அதை மாற்றிக்கொள்ளவும் இல்லை.

"எதைப் போடறதுன்னு தெரியலைங்க சிஸ்டர்."

"உனக்கு எது இஷ்டம்?"

பையைத் திறந்து முழுக்கை ஜாக்கெட்டைத் தடவிப் பார்த்தாள். அதற்குள் சீருக்குக் கூப்பிட்டார்கள். பையை என் கையில் கொடுத்துவிட்டு, போட்டிருந்த முழங்கை வரையான ஜாக்கெட்டோடேயே போனாள்.

மணவறையில் அவள் சேலையைப் பிடித்தபோது திட்டுகள் வெளியே தெரிந்தன. முன்வரிசையில் ஒரு பெரியம்மா பக்கத்தில் இருந்தவரிடம் குனிந்து என்னவோ சொன்னார். பூங்கொடி கையை உள்ளே இழுக்கப் பார்த்தாள். செந்தில் திரும்பிப் பார்த்தார். அந்தத் திட்டுகளின் மேலேயே தன் உள்ளங்கையை வைத்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். மறைக்கப் பிடித்த மாதிரி இல்லை. விழுந்துவிடாமல் தாங்கிப் பிடித்த மாதிரி இருந்தது. சீர் முடிகிறவரை அந்தக் கையை எடுக்கவில்லை. போட்டோக்காரர் இரண்டு தடவை கையை விடச் சொன்னார். "இப்படியே எடுங்க" என்றுவிட்டார் செந்தில்.

அதற்கு அடுத்த மாதம் எக்ஸ்ரே தெளிவாக வந்தது, டாக்டர் ஊசியை மறுபடி ஆரம்பித்தார். திட்டுகள் மெதுவாக மறைந்தன. இப்போது அவளே வீட்டில் போட்டுக்கொள்கிறாள்.

பிள்ளைகளே, ஃப்ரீஸரில் வைக்காதே, குலுக்காதே, திட்டின்மேல் குத்தாதே என்பதெல்லாம் தாளில் இருக்கிறது, யாரும் படித்துக்கொள்ளலாம். நான் கற்றுக்கொண்டது வேறு. "காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டு டிக் அடிப்பதை அன்றோடு விட்டேன். "இந்த வாரம் ஊட்ல என்ன விசேஷம்? காலைல என்ன மாத்திரை போட்டீங்க?" என்று உட்கார்ந்து கேட்பேன். புதிதாக வருகிறவர்களுக்குத் தேதியைச் சொல்லும்போது, கூடவே இதையும் அதே அழுத்தத்தோடு சொல்வேன்: "உடம்பு சரியில்லாம இருந்து மறைக்காம வந்து சொன்னீங்கன்னா, நான் ஒரு நாளும் திட்டமாட்டேன்."

சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்ப்பேன். நம்பிவிட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் ஃப்ரிட்ஜைத் திறப்பேன்.