காரங்காட்டுச் சேறு

வழிகாட்டியாக நான் தனியே அழைத்துச்சென்ற முதல் சுற்றுலா அது. திருப்புல்லாணிக் கோயிலில் பாயசப் பிரசாதத்துக்குக் காத்திருந்ததில் தாமதமாகிவிட்டது. காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் நுழைந்த படகு தரைதட்டி நின்றது.

"நேரத்தோட வந்திருக்கணும் தாயி. கடல் உள்வாங்கி தண்ணி வத்திருச்சு" என்றார் படகோட்டி.

எல்லோரும் என்னை முறைத்தார்கள். சுடிதாரைச் சுருட்டிக்கொண்டு முழங்கால் சேற்றில் குதித்துத் தள்ளினேன். படகு அசையவில்லை.

கோயிலில் வெயிலுக்கே முணுமுணுத்த மதுரை அம்மா, சேலையைத் தூக்கிச் செருகினார்.

"எறங்குங்கப்பா. பிள்ளை ஒத்தையில தள்ளுதுல்ல?"

மளமளவென எல்லோரும் இறங்கினார்கள். படகு வழுக்கி நகர்ந்தது. நாங்கள் போட்ட கூச்சலில் பூநாரைகள் மொத்தமாக எழும்பி வானமே சிவந்தது.

இப்போதெல்லாம் சரியான நேரத்துக்குப் போய்விடுகிறேன். அந்தப் பறவைகளைப் படகில் உட்கார்ந்தபடியே பார்ப்பவர்களை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.