நஸீமா மேடம் இல்லாத அன்று வந்தவர்

போலந்தில் யாராவது தும்மினால் பக்கத்தில் இருப்பவர் ‘நா ஸ்த்ரோவியே’ என்கிறார். வோட்கா கிண்ணத்தை உயர்த்தும்போதும் அதே சொல்தான். உடல்நலத்துக்கு என்று பொருள். நான் வேலை பார்க்கும் மீன் ஆலையில் போன வெள்ளிக்கிழமை கூட வேலை பார்க்கும் மாரெக்குக்குப் பெயர்நாள்; பிறந்தநாள் மாதிரி இங்கே அதையும் கொண்டாடுவார்கள். வேலை முடிந்ததும் எனக்கும் ஒரு கிண்ணம் ஊற்றினார். வேண்டாம் என்றேன். “மதமா?” என்றார். ஆலோசகர் என்பதற்கு அவர்கள் மொழியில் சொல் தெரியாமல், “டாக்டர்” என்று சொல்லிவைத்தேன். எனக்கு ஈரல் கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. திங்கட்கிழமை வீட்டிலிருந்து பீட்ரூட் சூப் கொண்டுவந்தார். நன்றாகவே இருந்தது.

நான் சொன்ன அந்த டாக்டர், ராமநாதபுரத்தில் ஒரு குடிநோய் மையத்தில் ஆலோசகராக இருந்த நஸீமா மேடம். அப்போது நான் பாம்பனில் விசைப்படகு என்ஜின்களைப் பழுதுபார்த்துக்கொண்டிருந்தேன். மனைவி இரண்டு முறை என்னை அந்த மையத்தில் சேர்த்தாள். இரண்டு முறையும் ஓடிவந்துவிட்டேன். இரண்டாம் முறை ஓடிய மறுநாள் மேடம் பஸ் பிடித்துப் படகுத்துறைக்கே வந்துவிட்டார். என்னைவிட நான்கு வயது இளையவர். ஒரு டீசல் கேனைக் கவிழ்த்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“திட்டத்தான வந்தீக?” என்றேன்.

“இல்லண்ணே. ஆறு நாள் குடிக்காம இருந்தீகள்ல, அதுல எந்த நேரம் ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு? அதக் கேக்கத்தான் வந்தேன்.”

ஏன் குடிக்கிறாய் என்று ஊரே கேட்டிருந்தது. நான் குடிக்காமல் இருந்த ஆறு நாளை எண்ணி வைத்திருந்தவர் அவர் ஒருவர்தான். சாயங்காலம், வேலை முடிந்து கை சும்மா இருக்கும்போது என்றேன். “அப்ப அந்த நேரம் எனக்குப் போன் போடுங்க” என்றார். அன்றே அவருடன் மையத்துக்குத் திரும்பினேன். வெளியே வந்த பிறகு பத்து மாதம், ஒரு நாள் தவறாமல் போன் போட்டேன்.

பதினோராம் மாதம் ஒரு சாயங்காலம் அவர் தம்பி எடுத்தார். மேடத்துக்கு மூளையில் ரத்தக்கசிவாம், மதியமே போய்விட்டாராம். முப்பத்தாறு வயது.

மறுநாள் கபர்ஸ்தானில் என்னைப் போல் குடியை விட்டவர்கள் நிறையப் பேர் நின்றோம். மண் போட்டுவிட்டு வெளியே வந்ததும் என் கால் மதுக்கடைப் பக்கம்தான் திரும்பியது. அதை மறைக்க விரும்பவில்லை. பாதி வழியில் நின்று, எங்கே போவதென்று தெரியாமல் மையத்துக்கு நடந்தேன். வாசலில் முதுகுளத்தூரிலிருந்து ஒரு பெண் வந்து காத்திருந்தார். கூடவே, கை நடுங்க அவர் கணவர்.

“மேடம் இன்னைக்கு வரச் சொன்னாக” என்றார் அந்தப் பெண்.

“மேடத்த இப்பத்தான் அடக்கம் பண்ணிட்டு வாரோம்.”

அவர் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். கணவர் சட்டென்று எழுந்து, “அப்ப ஊருக்குப் போவோம்” என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். “ஒக்காருங்கண்ணே. நானும் இங்கன கெடந்து எந்திரிச்சவன்தான்.” உண்மையான டாக்டர் வந்து சேர்த்துக்கொள்ள நான்கு மணி நேரம் ஆனது. அதுவரை அந்தக் கணவர் பேசப் பேசக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்கு வேறொன்றும் தெரியாது. அன்று நாங்கள் இரண்டு பேரும் குடிக்கவில்லை.

அன்று கையைப் பிடித்து உட்காரவைத்த அந்த முனியசாமி அண்ணன் இப்போது ஊரில் ஆடு வளர்க்கிறார். கஷ்டமான சாயங்காலங்களில் என்னைக் கூப்பிடுவார். எனக்கு அது மதியம். ரப்பர் பூட்ஸைச் சுற்றிப் பனி கிடக்க, ஆலையின் பின்வாசலில் நின்று போனை எடுப்பேன். அந்தப் பக்கம் ஆடுகள் கத்தும்.

“எங்கன இருக்கீக?” என்பார்.

“இங்கனதாண்ணே இருக்கேன், சொல்லுங்க” என்பேன்.