நெனிதாவை நான் வேவு பார்த்த கதை

மூன்று வாரமாக ஒருவரை வேவு பார்த்துக்கொண்டிருந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

எங்கள் ஒஃபீசைச் சுத்தம் செய்ய வருபவர் நெனிதா. பிலிப்பைன்ஸ்காரர், அறுபது வயதிருக்கும். என் மேசையில் கிடந்த தமிழ்ப் பத்திரிகையில் என் படத்தைப் பார்த்துவிட்டு பிரெஞ்சில் சொன்னார்: "நானும் எழுத்தாளர்தான். தகாலொக் மொழியில். நாவல், கொமிக்ஸ்... வாரத்துக்கு ஐந்து தொடர்."

நம்புவேனா? பாரிஸில் எங்கள் ஆட்கள் கூடும் லா சப்பலில் கோப்பை கழுவும் யாரைக் கேட்டாலும் ஊரில் பள்ளிக்கூட அதிபர், எஞ்சினியர். அதில் பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் பிரச்சினை.

கூகுளில் தேடினேன். அந்தப் பெயரில் ஒரு பல் டொக்டர்தான் அகப்பட்டார். நெனிதாவைக் கேட்டால், "ஆண் பெயரில்தான் எழுதினேன்" என்றார்.

புத்தகம்?

"வாடகைக்கு எடுத்து வாசிப்பார்கள். கை மாறிக் கை மாறிக் கிழிந்துபோகும். பிறகு டீவி வந்தது, பத்திரிகைகள் ஒவ்வொன்றாக நின்றன. நான் இங்கே பிள்ளை பார்க்க வந்தேன்."

எவ்வளவு வசதியான பதில்!

"ஐந்து தொடரும் குழம்பாதா?" என்று மடக்கினேன்.

"ஒருமுறை குழம்பியது. பார்வையில்லாத நாயகி கடிதம் வாசித்துவிட்டாள். அடுத்த வாரமே அவசரமாக ஆபரேஷன் செய்து பார்வை கொடுத்தேன்."

சிரித்தேன். சந்தேகம் மட்டும் கூடியது. இவ்வளவு நன்றாகக் கதை விடுகிறவர் எதைத்தான் சொல்லமாட்டார்?

ஒரு ஞாயிறு, அவர்களுடைய சேர்ச் மண்டபத்தில் சாப்பாடு என்று அழைத்தார். போனேன் — உளவு பார்க்கத்தான். நெனிதாவின் புனைபெயரை யாரோ சொல்ல, இரண்டு மூன்று பெண்கள் வந்து அவரைக் கட்டிப்பிடித்தார்கள். ஆள் செட் பண்ணியிருப்பாரோ?

அப்போது ஒரு பெண் வந்து நின்றார். கட்டிப்பிடிக்கவில்லை. கோபமாக ஏதோ கேட்டார். பக்கத்தில் நின்றவர் எனக்குப் பிரெஞ்சில் சொன்னார்: "ரமோனை ஏன் சாகடித்தாய் என்று கேட்கிறா. கதையில் வந்த மீனவன். அதை வாசித்துவிட்டு அவவின் அம்மா இரண்டு நாள் சமைக்கவில்லையாம்."

முப்பது வருடத்துக் கோபம். இதை யாராலும் செட் பண்ண முடியாது.

நெனிதா மெல்லச் சொன்ன பதிலையும் அவரே மொழிபெயர்த்தார்: "அந்த வாரம் என் மகன் ஆஸ்பத்திரியில் இறந்துபோனான். யாரையும் பிழைக்கவைக்க எனக்குக் கை வரவில்லை."

அந்தப் பெண் ஒரு கதிரையை இழுத்துப்போட்டு, நெனிதாவின் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் என் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் மன்னிப்புக் கேட்டேன். "உங்களைப் பற்றி எழுதலாமா?" என்றேன்.

"எழுது. உன்னைப் பற்றித் தமிழ்க் கடையில் விசாரித்துவிட்டேன்" என்றார்.

விசாரித்தாரா?

லா சப்பலில் ரூ பெர்தொனே தெருவிலுள்ள மளிகைக்கடை அண்ணையிடம் போனேன். "ஓம் தங்கச்சி, பேப்பரைக் கொண்டுவந்து காட்டி, இவ உண்மையாவே எழுதுறவவோ எண்டு கேட்டவ. எழுதுறவதான் எண்டு சொன்னனான்..." என்றார்.

"ஆனா நான் வாசிக்கிறேல்லை எண்டும் சொன்னனான்."