எங்கள் மனையில் நின்ற ஆம்புலன்ஸ்

தொண்ணூறுகளில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆம்புலன்ஸ் என்பது ஆஸ்பத்திரிக்குப் போகும் வண்டி அல்ல, ஆஸ்பத்திரியிலிருந்து வரும் வண்டி. போகும்போது ஆட்டோவிலோ வாடகைக் காரிலோ எப்படியாவது போய்விடுவார்கள். போனவர் இனி உட்கார்ந்து வரமுடியாது என்று ஆன பிறகுதான் ஆம்புலன்ஸைத் தேடுவார்கள். அதனால், ஒரு தர்ம ஸ்தாபனம் அப்படி ஒரு வண்டியை வாங்கி, வண்ணார்பேட்டைக்குப் பின்னால் இருந்த எங்கள் தெருவில் நிறுத்த இடம் கேட்டபோது தெருவே பயந்தது.

அவர்கள் கேட்டது எங்கள் வீட்டை ஒட்டிய காலிமனையை. அது அம்மாவின் பெயரில் இருந்தது. அப்பா காலமாகிவிட்டார். நான் கல்யாணம் செய்துகொள்ளாமல் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு இதயம் சரியில்லை. நான் வகுப்பில் இருக்கும் நேரத்தில் அவளுக்கு மூச்சு முட்டினால் யார் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள் என்பதுதான் எனக்கு இருந்த ஒரே பயம். வண்டியும் டிரைவரும் பக்கத்து மனையிலேயே இருப்பார்கள் என்றதும் தெய்வம் அனுப்பியதாகத்தான் நினைத்தேன்.

பிள்ளையார் கோவில் மண்டபத்தில் தெருக்கூட்டம் போட்டார்கள். ஆண்கள் ஜமக்காளத்தில் உட்கார்ந்திருந்தார்கள். நான் தூணோரம் நின்றேன். தாலுகா ஆபீஸில் ரிட்டயரான அண்ணாச்சிதான் தலைமை.

"வண்டி வேண்டாம்னு யாரு சொல்லுதா டீச்சர்? ஊருக்கு அவசியம் வேணும். இந்தத் தெருவுக்குத்தான் வேண்டாங்கோம்" என்றார்.

"அப்ப எந்தத் தெருவுல நிறுத்த அண்ணாச்சி?"

"அது அவுக பாடு."

ஜவுளிக்கடை வைத்திருந்த எதிர்வீட்டுக்காரர் எழுந்தார். மகளுக்கு மாப்பிள்ளை தேடிக்கொண்டிருந்தவர். "பொண்ணு பாக்க வாறவன் தெருவுக்குள்ள நொழைஞ்சதும் இதுலயா முழிக்கணும்? அப்படியே திரும்பிப் போயிருவாம்லா."

முகூர்த்த நாளில் மட்டும் வண்டியைத் தார்ப்பாய் போட்டு மூடிவிடலாம் என்று ஒருவர் சமாதானம் சொன்னார். அன்றைக்குப் பார்த்து உங்களுக்கு நெஞ்சுவலி வந்தால் முதலில் தார்ப்பாயை அவிழ்க்க வேண்டுமே, பரவாயில்லையா என்று கேட்டேன். யாரும் சிரிக்கவில்லை.

"அம்மைக்கு ஒண்ணுன்னா நாங்க இல்லையா டீச்சர்? ஒரு சத்தம் குடுங்க, தெருவே ஓடி வரும்" என்றார் அண்ணாச்சி. நல்ல மனதோடுதான் சொன்னார். ஆனால் பகலில் அந்தத் தெருவில் ஓடி வரக்கூடிய ஆண் ஒருவரும் இருக்கமாட்டார் என்பது அவருக்கும் தெரியும். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். உன் இஷ்டம் என்றாள். மனையைக் கொடுத்தேன்.

யாரும் சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் நானும் நாலு வார்த்தை பேசி ஆற்றிக்கொண்டிருப்பேன். எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டார்கள், அவ்வளவுதான். சாயங்காலம் பூ தொடுத்தபடி அம்மாவோடு ஊர்க்கதை பேசும் பெண்கள் வரவில்லை. கடைக்குப் போகிறவர்கள்கூட மறுமுனை வழியாகச் சுற்றிப் போனார்கள். அம்மா ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு வெறும் தெருவைப் பார்த்திருப்பாள்.

"ஏட்டி, பேச ஆளில்லாம உசுர மட்டும் வச்சுக்கிட்டு என்ன செய்ய?"

"மொதல்ல உசுரு இருக்கட்டும்மா" என்பேன். எனக்கு எரிச்சலாக வரும். அவள் சொல்வதில் நியாயம் இருந்ததால் வந்த எரிச்சல்.

பயந்தது ஒருநாள் நடந்தது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். மூச்சுத் திணறிய அம்மா ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூப்பிட, டிரைவர் தூக்கிப்போய் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் பிழைத்திருக்கமாட்டார் என்றார் டாக்டர். அம்மா தேறினாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அதே வண்டியில் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஸ்ட்ரெச்சரில் இறக்கி முன்னறைக் கட்டிலில் படுக்கவைத்துவிட்டு டிரைவர் போனார். நான் அடுப்படியில் ரசம்சாதம் பிசைந்துகொண்டிருந்தேன்.

அந்த வண்டியிலிருந்து ஒருவரைப் படுத்தபடி இறக்கினால் தெருவுக்கு ஒரே அர்த்தம்தான். சாவு விழுந்த துட்டி வீட்டுக்கு யாரும் அழைக்க வேண்டியதில்லை. அங்கே பகையும் பார்க்கக்கூடாது. இறந்த வீட்டு விஷயத்தில் எங்கள் பக்கத்து மனிதர்களைக் குறை சொல்லவே முடியாது. பெண்கள் தலையை அவிழ்த்துக்கொண்டு வந்தார்கள். அண்ணாச்சி வந்தார். எதிர்வீட்டுக்காரர் கையில் ரோஜா மாலை. முதலில் நுழைந்தவள் வாசலிலேயே ஒப்பாரியை எடுத்துவிட்டாள்.

அம்மா தலையணையில் சாய்ந்தபடி, "வாங்க, எல்லாரும் வாங்க. உக்காருங்க" என்றாள். அவள் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. ஒப்பாரி பாதியில் நின்றது. மாலை முதுகுக்குப் பின்னால் போனது. "ஏட்டி, எல்லாருக்கும் காப்பி போடு" என்று என்னைப் பார்த்துச் சொன்னாள்.

துட்டி கேட்க வந்தவர்கள் புறப்படும்போது 'போயிட்டு வாரேன்' என்று சொல்லக்கூடாது. இப்படி ஒரு காரியத்துக்கு மறுபடியும் வரவேண்டாம் என்பதற்காக. பேசாமல் எழுந்து நடந்துவிட வேண்டும். அன்று வந்தவர்களுக்கு எது முறை என்று விளங்கவில்லை. வெட்கம் வேறு. ஒவ்வொருவராக வாய் திறக்காமல் படி இறங்கினார்கள். அம்மா ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஒருத்தரும் போயிட்டு வாரேன்னு சொல்லலியேட்டி."

"பதட்டத்துல மறந்திருப்பாகம்மா."

"மறக்கல. எனக்குத் துட்டி கேட்டு முடிச்சிட்டாக."

சாதம் வேண்டாம் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன்.

அதற்குப் பிறகும் அம்மா பல வருஷம் இருந்தாள். எல்லாம் அந்த வண்டி கொடுத்த வருஷங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அந்த வருஷங்களில் தெருவிலிருந்து யாரும் அவளைப் பார்க்க வரவில்லை. நான் பள்ளிக்கூடம் கிளம்பும்போது "அம்மா, போயிட்டு வாரேன்" என்று அவள் காதில் விழச் சொல்லாமல் படி இறங்கியதில்லை. சொன்னேனா இல்லையா என்று குழம்பி, பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து சொல்லிவிட்டுப் போனதும் உண்டு. அதுதான் அப்பவே சொன்னியேட்டி என்பாள். ஆனாலும், நான் இன்னொரு தடவை சொல்லும்வரை ஜன்னலை விட்டு நகரமாட்டாள்.