பெருங்கடவிளையில் இருந்த இன்னொரு பெட்டி

சில வருடங்களுக்கு முன்பு, மார்ச் மாதத்து வெள்ளிக்கிழமை மத்தியானம், பாறசாலைக்குப் பக்கத்தில் எங்கள் வீட்டில் நடந்தது இது. என் மகளுக்குத் திங்கட்கிழமை பத்தாம் வகுப்புத் தேர்வு.

பிள்ளைகளே, அவளுக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. காதால் கேட்டுத்தான் படிப்பாள். காரக்கோணத்தில் வசிக்கும் ஓய்வு பெற்ற நர்ஸ் அக்கா ஒருவர், இரண்டு வருடமாகப் பாடங்களை வாசித்து, போனில் பதிந்து அனுப்பினார். அனுப்பியதும், இடம் போதாது என்று தன் போனிலிருந்து அழித்துவிடுவார். நான் அவற்றை ஒரு பழைய கம்ப்யூட்டரில் சேர்த்து வைத்தேன். என் மகளும், அவளைப் போன்ற வேறு சில பிள்ளைகளும் அவரவர் போனில் அதைத் திறந்து கேட்பார்கள். இப்படிப் பலருக்கும் எடுத்துக் கொடுக்கிற கம்ப்யூட்டருக்கு சர்வர் என்று பெயர். பெயர்தான் பெரிசு. அது இருந்தது தையல் மெஷினுக்கு அடியில்.

ஒருநாள் அதற்குள் பாடங்கள் பதிந்திருக்கும் டிஸ்க்கில் டக் டக் என்று சத்தம் வந்தது. நெய்யாற்றின்கரையில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் ஒரு தங்கச்சியின் கடைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். பாடங்களைக் காப்பாற்றி, இரண்டு புது டிஸ்க் போட்டுத் தந்தாள். ஒன்றில் எழுதுவது மற்றதிலும் அப்படியே பதியும். ஒன்று கெட்டால் மற்றது வேலை செய்யும்.

"இனி பயமில்லையே?" என்றேன்.

"அண்ணே, ரெண்டும் ஒரே பெட்டிக்குள்ள கெடக்குற இரட்டைப் பிள்ளையளாக்கும். பெட்டிக்கு ஒண்ணு வந்தா ரெண்டுக்கும் வரும். வேற கம்ப்யூட்டர்ல ஒரு நகல் வேணும்."

"அப்போ அதையும் எனக்க வீட்டுலயே வைப்போம். பக்கத்துல இருந்தா பாத்துக்கலாமே."

"நல்ல ஆளாக்கும் நீங்க! ஒரே ஓட்டைக் கூரைக்குக் கீழ ரெண்டு பாய் விரிச்சா நனையாம இருக்குமா?"

தன்னிடம் சும்மா கிடந்த பழைய கம்ப்யூட்டரைப் பெருங்கடவிளையில் தன் வீட்டிலேயே வைத்து, சனிக்கிழமைதோறும் இன்டர்நெட் வழியாக நகல் எடுக்கும்படி செய்தாள். கேட்காமல் செய்த உதவி. எனக்கோ உள்ளுக்குள் எரிச்சல். நம் பொருள் எதற்கு அடுத்தவர் வீட்டில்?

எங்கள் பக்கம் இடி மின்னலுக்குப் பேர்போனது. முதல் முழக்கம் கேட்டதுமே வீட்டுக்கு வீடு பிளக்கை உருவுவார்கள். நான் வயரிங் வேலை செய்கிறவன் என்பதால் இதில் கூடுதல் கண்டிப்பு. அந்த வெள்ளிக்கிழமையும் எல்லாப் பிளக்கையும் உருவிவிட்டு நிம்மதியாக உட்கார்ந்தேன்.

அடுத்த வீட்டு வளவுத் தென்னையில் மின்னல் விழுந்தது. தையல் மெஷினுக்கு அடியிலிருந்து கருகிய வாடை வந்தது. இன்டர்நெட் கொண்டு வரும் கேபிள் டி.வி. வயரை நான் உருவவில்லை! அது வழியாகப் பாய்ந்து, பெட்டியும் இரண்டு டிஸ்க்கும் சேர்ந்தே போய்விட்டன.

முழக்கம் நின்றதும் பிளக்கைச் செருகிப் பார்த்தேன்; பெட்டி எழும்பவில்லை. போனும் கையுமாகக் காத்திருந்த மகள், "அப்பா, நர்ஸ் மாமிக்க சத்தம் வரல்லியே" என்றாள். மறு அறைக்குப் போய்த் தங்கச்சியின் கடைக்கு போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"பிளக்க உருவினீங்க. வயர உருவினீங்களா அண்ணே?"

"இல்ல."

"வயரிங்காரராக்கும்!" என்று சிரித்தவள், "திங்கக்கிழமை மகளுக்குப் பரீட்சை" என்று நான் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினாள். குரல் மாறியது. "பேடிக்காண்டாம், பயப்படாதீங்க. போன சனி வரைக்கும் எல்லாம் உண்டு. நான் கொண்டு வாறேன்."

இடி ஓய்ந்தும் மழை விடவில்லை. ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். மழைக்கோட்டு கம்ப்யூட்டருக்குப் போர்த்தியிருந்தது. அவள் தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. துவட்டத் துண்டு கொடுத்தால், அதை வாங்கி முதலில் பெட்டியைத்தான் துடைத்தாள்.

சாயங்காலம் மகளின் போனில் மறுபடி அந்தக் குரல் கேட்டது. நான் அடுக்களைக்குள் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

போன சனிக்குப் பிறகு சேர்த்த சில பாடங்கள் மட்டும் இல்லை. நர்ஸ் அக்கா மறுநாள் காலையிலேயே வந்து உட்கார்ந்து மறுபடி வாசித்தார். "போகட்டு மக்கா, அதுல ரெண்டு எடத்துல தப்பா வாசிச்சிருந்தேன். இடி வந்து திருத்திட்டுது" என்றார். மகள் சிரித்தாள். திங்கட்கிழமை தைரியமாகத் தேர்வுக்குப் போனாள்.

பிறகு நான் வேறு கம்ப்யூட்டர் சரிப்படுத்தி, அந்தத் தங்கச்சியின் பெட்டியைத் திருப்பிக் கொண்டுபோனேன். நன்றி சொல்ல வாயெடுக்கும் முன்பே அவள் சொன்னாள்: "எனக்க கடை விவரங்களுக்கும் வேற வீட்டுல ஒரு நகல் வேணும் அண்ணே. உங்களுக்க வீட்டுல வைக்கட்டா?"

வயரை மறந்தவனிடம் அப்படிக் கேட்டாள். இன்றும் முதல் முழக்கம் கேட்டதும் நான் ஓடிப் போய்ப் பிளக்கோடு வயரையும் உருவுவது, எங்கள் வீட்டில் இருக்கும் அவளுடைய பெட்டிக்குத்தான். எங்களுடையது அதற்கு அப்புறம்.