சித்தப்பாவின் ஒரு லிட்டர்

என் சித்தப்பாவுக்குக் கடைசி மூன்று மாதங்களில் இருந்த ஆசை ஒன்றே ஒன்றுதான். ஒரு பெரிய டம்ளர் நிறையத் தண்ணீர் வேண்டும், அதை யாரும் அளக்கக் கூடாது, ஒரே மூச்சில் குடித்து முடிக்க வேண்டும். இந்த எளிய ஆசைக்குக் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு நின்றவள் என் அக்கா.

அக்கா ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆய்வகத்தில் உதவியாளர். இருபத்திரண்டு வருடங்களாகச் சொட்டுச் சொட்டாக அளந்து ஊற்றியே பழகிய கை. சித்தப்பாவின் இதயம் ஓய்ந்துபோன மோட்டார் மாதிரி ஆகிவிட்டது, உள்ளே போகிற தண்ணீரை அதனால் இறைக்க முடியவில்லை, காலிலும் நுரையீரலிலும் தேங்குகிறது, இனி நாளுக்கு ஒரு லிட்டருக்கு மேல் கூடாது என்று டாக்டர் சொன்னார். அன்று மாலையே அக்கா தலைமையாசிரியரிடம் கேட்டு, அளவுக்கோடு போட்ட கண்ணாடி உருளை ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டாள்.

அவளுடைய ஏற்பாடு இப்படி. காலையில் ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பிச் சித்தப்பாவின் கட்டிலுக்கு எதிரே மேசையில் வைப்பாள். பாட்டிலின் மேல் வெள்ளை டேப் ஒட்டி மணி எழுதியிருக்கும். எட்டு மணிக்குத் தண்ணீர் இந்தக் கோட்டில் இருக்க வேண்டும், பத்து மணிக்கு அந்தக் கோட்டில். மணிக்கு ஒரு தடவை அறுபது மில்லி. டீயோ சூப்போ கொடுத்தால் அதே அளவை அவர் கண் முன்னாலேயே பாட்டிலிலிருந்து எடுத்து ஜன்னலோரச் செடிக்கு ஊற்றிவிடுவாள்.

"அந்தச் செடி என்னைவிட நல்லா இருக்கு" என்பார் சித்தப்பா.

"அதுக்கு இதயம் இல்ல. எவ்வளவு வேணா குடிக்கலாம்."

"உனக்கும்தான் இல்ல."

இதில் இன்னொரு கூத்தும் உண்டு. இந்த மனிதர் போரில் பார்த்த வேலையே தண்ணீர் லாரி ஓட்டுவதுதான். எங்கள் தெருவில் போருக்குப் போய் வந்தவர்கள் இன்னும் சிலர் இருந்தார்கள். அவர்களெல்லாம் தோளில் குண்டு பாய்ந்த இடத்தைச் சட்டையைக் கழற்றிக் காட்டுவார்கள். எங்கள் சித்தப்பாவிடம் கேட்டால், "வண்டி ஓட்டினேன். தண்ணி ஊத்தினேன். சண்டை முடிஞ்சுது, வந்துட்டேன்" என்று மூன்றே வரியில் போரை முடித்துவிடுவார். அவருக்கு 'தண்ணி வண்டி' என்று பட்டப்பெயர் விழுந்தது. புதிதாகக் குடிவந்தவர்கள் அதைக் கேட்டுவிட்டு அவர் வாயை ரகசியமாக மோந்து பார்த்ததுண்டு.

திரும்பி வந்தவர் நகரப் பேருந்தில் ஓட்டுநரானார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அக்காவுக்குப் பதினைந்து, எனக்குப் பத்து வயதிருக்கும்போது அப்பா போய்விட்டார். ஒரு மாதம் துணைக்கு இருந்துவிட்டுப் போகிறேன் என்று ஒரு பெட்டியோடு வந்த சித்தப்பா அப்புறம் போகவே இல்லை. எங்கள் இருவரையும் படிக்க வைத்ததும் அவர்தான். ஆனால் அவர் ஓட்டுகிற பேருந்தில் டிக்கெட் இல்லாமல் ஏறிவிட முடியாது. "சித்தப்பா வண்டின்னா சும்மா ஏறலாமா? இறங்கு" என்று கண்டக்டரை முந்திக்கொண்டு சத்தம் போடுவார்.

நான் வெளிநாட்டிலிருந்து மூன்று வாரம் விடுப்பில், பெட்டி நிறைய மருந்துச் சாமானும் மனசு நிறையக் கவலையுமாக வந்து சேர்ந்தேன். வந்தவுடன் அக்காவின் பக்கம் சேர்ந்துகொண்டேன். அளப்பது எனக்கும் பிடித்திருந்தது.

எதிர்க்கட்சியில் இரண்டு பேர். ஒருவர் சித்தப்பா, மற்றவர் அத்தான். அத்தான் தரைக்கு டைல்ஸ் பதிக்கிறவர். சித்தப்பாவுக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது என்றதும் கட்டிலின் தலைமாட்டுக்கு இரண்டிரண்டு செங்கல் கொடுத்து, ரசமட்டம் வைத்துப் பார்த்து, இரண்டு காலும் ஒரே உயரம் என்று உறுதி செய்த பிறகுதான் அவரைப் படுக்கவிட்டார். அப்படிப்பட்டவர் ஒரு நாள் கருவிப் பைக்குள்ளிருந்து எதையோ எடுத்துச் சித்தப்பாவின் போர்வைக்குள் நகர்த்தினார்.

"என்ன அது?" என்றாள் வாசலில் நின்ற அக்கா.

"பழம்."

"தர்பூசணி. தொண்ணூறு சதவீதம் தண்ணி."

"மீதி பத்து சதவீதத்தை மட்டும் சாப்பிடச் சொல்றேன்."

அக்கா சமையலறைப் பக்கம் கையைக் காட்டினாள். அத்தான் பழத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்த் தானே தின்று தீர்த்தார்.

சித்தப்பா தனியாகவும் போராடினார். பல் விளக்கி வாய் கொப்பளிக்கும்போது கொஞ்சம் உள்ளே தள்ளிவிடுவது அவர் முதல் உத்தி. இரண்டாம் நாளே அக்கா கொப்பளித்த தண்ணீரைக் கிண்ணத்தில் பிடித்து உருளையில் ஊற்றிப் பார்த்தாள்.

"உள்ள போனது அம்பது. வெளிய வந்தது இருபத்தெட்டு. மீதி எங்க சித்தப்பா?"

"ஆவியாயிருக்கும்."

"வாய்க்குள்ளயா?"

"எனக்குக் கொஞ்சம் காய்ச்சல் மாதிரி இருக்கு."

அந்த இருபத்திரண்டு மில்லியும் பத்து மணிப் பங்கில் கழிந்தது.

புதன்கிழமை அக்கா மேசையைத் துடைக்கும்போது பூச்சாடியைத் தூக்கினாள். தூக்கிய கை அப்படியே நின்றது. அதிலிருந்தவை பிளாஸ்டிக் பூக்கள்.

"பிளாஸ்டிக் பூவுக்கு யாரு தண்ணி ஊத்தினது?"

சித்தப்பா ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். "வாடின மாதிரி இருந்துச்சு."

அக்கா சாடியை உருளையில் கவிழ்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு மில்லி, மேலே மிதக்கும் தூசி உட்பட. மூன்று நாளாகத் தன் பங்கில் கொஞ்சத்தைக் குடித்த மாதிரி நடித்து, ஒளித்து வைத்திருக்கிறார்.

"ஒரு டம்ளர் சேரட்டும்னு பார்த்தேன்" என்றார் மெதுவாக. "ஞாயித்துக்கிழமை குடிக்கலாம்னு."

நானும் அத்தானும் சிரித்துவிட்டோம். அக்கா சிரிக்கவில்லை. சாடியைச் சமையலறைக்குக் கொண்டுபோய் ரொம்ப நேரம் கழுவினாள்.

மறுநாள் டாக்டர் வந்தார். அக்கா பள்ளிக்கூடம் போயிருந்தாள். டாக்டர் நெஞ்சில் குழலை வைத்துக் கேட்டு, காலை அழுத்திப் பார்த்து, சித்தப்பாவோடு இரண்டு வார்த்தை பேசிவிட்டுக் கிளம்பினார். நான் கதவுவரை பின்னாலேயே போனேன்.

"கால் வீக்கம் கூடின மாதிரி இருக்கு டாக்டர். ஒரு லிட்டரைத் தொள்ளாயிரம் ஆக்கிடலாமா?"

அவர் செருப்பை மாட்டிக்கொண்டே என்னை நிமிர்ந்து பார்த்தார். "உங்க அக்கா சொல்லலையா? போன வாரமே சொல்லிட்டேனே. இனிமே அளக்க வேண்டாம்மா. அவருக்கு என்ன தோணுதோ குடிக்கட்டும். அளந்தாலும் அளக்காட்டியும் இனி சில வாரம்தான். தாகத்தோட எதுக்கு இருக்கணும்?"

போன வாரம் அவர் வந்தபோது நான் மருந்துக் கடையில் நின்றுகொண்டிருந்தேன்.

மாலையில் அக்கா மறுநாளைக்கான பாட்டிலுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"டாக்டர் வந்தாங்க."

"ம்."

"அளக்க வேண்டாம்னு சொன்னாங்களாமே."

அவள் டேப்பைப் பல்லால் கடித்துத் துண்டாக்கினாள். "சொன்னாங்க."

"ஏன்க்கா எங்கிட்ட சொல்லல?"

"உங்கிட்ட சொன்னா நீ ரெண்டு மொழியிலயும் அழுவ."

பேனாவால் டேப்பின் மேல் எட்டு என்று எழுதினாள்.

"அளக்குற வரைக்கும் வைத்தியம் நடக்குதுடி. அத விட்டுட்டா சும்மா பக்கத்துல உக்காந்து பார்த்துட்டு இருக்கணும். எனக்கு அது வராது."

எனக்கும் வராது என்பதால் நான் எழுந்து பாத்திரம் கழுவப் போய்விட்டேன். சித்தப்பாவிடம் இருவரும் சொல்லவில்லை. மறுநாளும் பாட்டில் மேசையில் ஏறியது.

சனிக்கிழமை மூன்று மணிக்குப் படைவீரர் சங்கத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். நான்தான் வந்த முதல் வாரத்தில் சங்கத்துக்கு எழுதியிருந்தேன். அவருடைய பிரிவில் யாராவது மிச்சமிருந்தால் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்லி. கைத்தடியோடு வந்தவர் அந்நாளைய சார்ஜன்ட். கூட வந்தவர் ரேடியோக்காரர். ஒரு காலத்தில் பத்து மைலுக்கு அப்பால் பேசியதைக் கேட்டு எழுதியவருக்கு இப்போது பக்கத்து நாற்காலியில் பேசினால் கேட்பதில்லை.

"டேய், இன்னும் இருக்கியா?" என்றார் சார்ஜன்ட்.

"நீ வருவேன்னுதான் தள்ளிப்போட்டேன்" என்றார் சித்தப்பா. மூச்சு வாங்க, இரண்டு தவணையில்.

அக்கா காலையிலேயே அவருடைய வெள்ளைச் சட்டையின் முதுகைக் கத்தரித்து, கையைத் தூக்காமலே முன்பக்கமாக மாட்டிவிடும்படி செய்திருந்தாள். முன்னாலிருந்து பார்க்க மிடுக்காக இருந்தார். சார்ஜன்ட் கைத்தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, நிமிர்ந்து நின்று, சங்கம் கொடுத்தனுப்பிய, சட்டம் போட்ட சான்றிதழை வாசித்தார்.

"எதிரியை நேருக்கு நேர் சந்தித்து, அஞ்சாது போரிட்ட..."

"யாரை?"

"எதிரியை."

"நான் பார்த்ததே இல்லையேடா."

"சங்கத்துல எல்லாருக்கும் ஒரே வாசகம்தான் அடிக்கிறாங்க. நம்ம சமையல்காரனுக்கும் இதையேதான் குடுத்தோம்."

"அவனுக்குச் சரி. அவன் சமையலை நாம நேருக்கு நேர் சந்திச்சோம்."

ரேடியோக்காரருக்கு இது மட்டும் எப்படியோ கேட்டுவிட்டது. நாற்காலி ஆடும்படி சிரித்தார்.

அக்கா தட்டில் எலுமிச்சை ஜூஸ் இரண்டு டம்ளர் கொண்டுவந்து வந்தவர்கள் முன்னால் வைத்தாள். சித்தப்பாவின் கையில் மூன்று மணி அறுபது மில்லியைச் சின்னக் கப்பில் கொடுத்தாள். வந்தவர்கள் டம்ளரைத் தொடவில்லை.

"எடுத்துக்குங்க. சர்க்கரை இருக்கா உங்களுக்கு? வேற போட்டுத் தரவா?"

"அதெல்லாம் இல்லம்மா. அவன் முதல்ல குடிக்கட்டும்" என்றார் சார்ஜன்ட். "இத்தனூண்டு கப்புல இல்ல. ஒழுங்கா, எங்களுக்குக் குடுத்த மாதிரி. எங்களுக்கு அவன் மேல ஒரு பழைய கோபம் இருக்கு."

"என்ன கோபம்?"

"மலை மேல முந்நூறு பேர் கிடந்தோம்மா. கிணறு கிடையாது, மழை கிடையாது. மத்தியானம் இவன் வண்டி வந்தாத்தான் தண்ணி. வழியெல்லாம் குண்டு விழும். ஒரு நாள் கண்ணாடி இல்லாம வருவான், ஒரு நாள் கதவு இல்லாம வருவான். இறங்கினதும் குழாயத் திறந்து ஆளுக்கு ஒரு பாட்டில். கடைசி ஆள் குடிச்சு முடிக்கிற வரைக்கும் இவன் வாயில ஒரு சொட்டு படாது. உதடு வெடிச்சு ரத்தம் வரும், அப்பவும் குடிக்க மாட்டான். இன்னைக்கு எப்படியும் முன்னாடியே குடிச்சிடுவான்னு நாங்க சிகரெட் வச்சுப் பந்தயம் கட்டுவோம். நாப்பத்தோரு நாள். என் சிகரெட் எல்லாம் போச்சு."

"சிகரெட்டையா சொல்ற?" என்றார் ரேடியோக்காரர் உரக்க. "எல்லாம் எங்கிட்டதான் வந்துச்சு."

அக்கா சித்தப்பாவைப் பார்த்தாள். முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தும் இதை அவள் கேட்டதில்லை. நானும்தான்.

"ஏன் சித்தப்பா?"

"ஓட்டுறவன் முதல்ல குடிச்சா..." நிறுத்தி மூச்சை இழுத்துக்கொண்டார். "தண்ணி பத்தாது போலன்னு வரிசையில நிக்கிறவனுக்குப் பயம் வந்துடும். பயந்தா முட்டி மோதுவான். பாதி தண்ணி மண்ணுல போயிடும். அவ்வளவுதான், பெரிய தியாகம் ஒண்ணும் இல்ல."

"பத்துச்சா?"

"சில நாள் பத்தாது. எனக்குத்தானே பத்தாது. அது வரிசைக்குத் தெரியாதே."

அக்கா அவர் கையிலிருந்த கப்பை வாங்கிக்கொண்டாள்.

"அதையும் புடுங்கிட்டியா?" என்றார் அவர்.

சமையலறையில் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. அக்கா வரும்போது கையில் அத்தானுடைய பெரிய எவர்சில்வர் டம்ளர் விளிம்புவரை நிறைந்திருந்தது. இருபத்திரண்டு வருடத்தில் ஒரு சொட்டு சிந்தாத கை. நடை முழுக்கத் தரையில் சிந்திக்கொண்டே வந்தாள். டம்ளரை அவருடைய இரண்டு கைகளுக்குள் வைத்து, அடியில் தன் கையைக் கொடுத்தாள்.

"எவ்வளவு இது?"

"தெரியல."

சித்தப்பா அவள் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"டாக்டர் சொல்லிட்டாங்களா?"

"போன வாரமே."

"ஒரு வாரமா ஏமாத்தியிருக்க, கழுத" என்றார். குரலில் கோபம் இல்லை.

குடிக்க ஆரம்பித்தார். தொண்டை ஏறி இறங்குவதை நாங்கள் எல்லோரும் எண்ணினோம். நான்கு மிடறு. நிறுத்தினார். கண்ணை மூடித் திறந்து இன்னும் இரண்டு மிடறு. பிறகு டம்ளரை இறக்கினார். பாதி அப்படியே இருந்தது.

"போதும்."

"என்ன போதும்?"

"ஒரே மூச்சுல முடிச்சிடலாம்னு நினைச்சேன். மூச்சு அவ்வளவு நீளம் இல்ல போல."

"பாதி டம்ளருக்கா மூணு மாசமா என் உயிரை வாங்கினீங்க?" என்றாள் அக்கா.

"நல்லா இருந்துச்சு" என்றார் அவர். டம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். "மீதிய நீ குடி. காலையிலேர்ந்து நின்னுட்டே இருக்க."

"அப்புறம் குடிக்கிறேன்."

"குடிச்சிடும்மா" என்றார் சார்ஜன்ட். "அது காலியாகாம நாங்க இதைத் தொட முடியாது. எனக்கும் தொண்டை காயுது."

அக்கா குடித்தாள். டம்ளரைக் கீழே வைக்க இடம் தேடியவள், எழுந்து போகாமல் கட்டிலின் ஓரத்தில், அவருடைய வீங்கிய கால்களுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். வந்தவர்கள் ஜூஸை எடுத்துக்கொண்டார்கள். நான்கு மணிக் கோடு வந்தது, போனது. பாட்டிலின் பக்கம் யாரும் திரும்பவில்லை.

"கதவு இல்லாம எப்படி சித்தப்பா ஓட்டினீங்க?" என்றாள் அக்கா.

"கதவா வண்டிய ஓட்டுது?" என்று ஆரம்பித்தார் சித்தப்பா.