மலைக்கிராமத்துச் சேமக்காலை

தன் தம்பியின் கல்லறையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்று அப்பா கேட்கத் தொடங்கியபோது அவரால் பயணம் செய்ய முடியாமல் போயிருந்தது. சிறுநீரகம் இரண்டும் பழுது. நோர்வேயில் எங்கள் ஹவுகன்ஸ்டுவா வீடும் ஆஸ்பத்திரியும்தான் அவர் உலகம்.

நோர்வேக்கு வரும் வழியில் அவரும் சித்தப்பாவும் தென் இத்தாலியில், கடலைப் பார்த்து நிற்கும் ஒரு மலைக்கிராமத்தில் விசா இல்லாமல் ஒளிந்திருந்து வேலை செய்தவர்கள். சரிவைப் படிபடியாக வெட்டி, சீமெந்தில்லாமல் கல்லடுக்கி, அதில் ஒலிவும் எலுமிச்சையும் வளர்க்கிற ஊர். மழையில் இடிந்த சுவர்களை இவர்கள் திரும்ப அடுக்கினார்கள். ஒரு மாரியில் சுவரொன்று சித்தப்பாவின் மேல் சரிந்தது. ஊர்ச் சேமக்காலையில் புதைத்த மறுநாளே, பொலிசுக்குப் பயந்து அப்பா புறப்பட்டுவிட்டார்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்தவன் நான்தான். அந்த ஊர் நகரசபையில் ஆங்கிலம் தெரிந்த ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தேன். கைபேசியோடு நடந்து ஊரைக் காட்டுவதாகச் சொன்னாள். சனிக்கிழமை மத்தியானம், வெளியே பனி கொட்ட, டீவியில் அவளுடைய வீடியோ அழைப்பைப் போட்டேன். அப்பா சேர்ட் மாற்றி, தலை சீவி வந்து உட்கார்ந்தார்.

"என்ன, பொம்பிளை பாக்கவோ?" என்றார் அம்மா.

ஒன்றின் தோளில் ஒன்று ஏறி நிற்கும் வீடுகள். பாதிக் கதவுகளில் பூட்டு. கீழே கடல்.

"நிப்பாட்டச் சொல்லு! உந்தச் சுவர் நாங்கள் அடுக்கினது."

சுவரருகே ஒரு பலகை. முன்னோர் கட்டிய பாரம்பரியச் சுவர், தொடாதீர்கள் என்று எழுதியிருக்கிறதாம்.

அப்பா சிரித்தார். "அப்ப நானும் அவையின்ரை முன்னோர்தான். போய்க் காணி கேப்பம்."

சேமக்காலையில் அவள் காவல்காரரிடம் ஏதோ கேட்டாள். பிறகு அதை எனக்கு ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்னவாம்?" என்றார் அப்பா.

எனக்குச் சுற்றிவளைக்கத் தெரியவில்லை, அப்படியே சொன்னேன். அங்கே இடம் போதாது. சில வருடங்களில் தோண்டுவார்கள். உறவினர் வந்து எலும்பைத் துடைத்து, பெட்டியில் வைத்துச் சுவர் மாடத்தில் வைக்க வேண்டும். யாரும் வராதவர்களை நிலத்துக்குக் கீழே ஒரு பொதுக் கிடங்கில் போட்டுவிடுவார்கள். அவள் இரும்பு மூடியொன்றைக் காட்டினாள்.

"திறக்கச் சொல்லு."

"அப்பா, எல்லாரும் ஒண்டாக் கிடக்கினம்."

"நீ கேள். அவனுக்கு முன்பல்லு ஒண்டு பாதி உடைஞ்சது. எனக்குத் தெரியும்."

கேட்டேன். காவல்காரர் தலையாட்டி மறுத்தார். மூடியின் மேல் பூ வைக்கட்டுமா என்று அவள் கேட்டாள்.

"வேண்டாம் எண்டு சொல்லு. ஆரின்ரை தலையிலை வைக்கிறது?"

இரவுச் சாப்பாட்டில் அப்பா சொன்னார்: "என்னைப் புதைக்காதேங்கோ. எரியுங்கோ."

"நாங்கள் வேதக்காரர், புதைக்கிற ஆக்கள். விசர்க்கதை கதையாதேங்கோ," என்றார் அம்மா.

"எரிச்சிட்டு, சாம்பலை அந்தக் கிடங்குக்கை கொண்டுபோய்க் கொட்டுங்கோ. இவன் போவான்," என்று என்னைக் காட்டினார்.

அந்தப் பெண்ணுக்கு எழுதிக் கேட்டேன். அது அந்த ஊரில் இறந்தவர்களுக்கு மட்டுமான இடம் என்று பதில் வந்திருக்கிறது. அப்பா தினமும் "என்னவாம்?" என்கிறார். இன்னும் பதில் வரவில்லை என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.